செயலி ஓய்வுநிலை மேலாண்மை (லினக்ஸ்)

வேலை இல்லாத நேரத்தில் செயலியை எவ்வளவு ஆழமாகத் தூங்கவிடலாம் என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதி. 1978இல் வந்த இன்டெல் 8086இலேயே, அடுத்த குறுக்கீடு வரும்வரை சும்மா இருக்கச் சொல்லும் ஹால்ட் கட்டளை இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா வெளியிட்ட ஏசிபிஐ தரம், ஓய்வை சி1, சி2, சி3 எனப் படிகளாக்கியது. ஆழம் கூடக்கூட மின்சாரம் மிச்சம். விழித்தெழும் நேரமும் கூடும்.

லினக்ஸில் நெடுங்காலம் இடைஞ்சலாக இருந்தது டைமர். வேலையே இல்லாவிட்டாலும் நொடிக்கு 100 முதல் 1000 தடவை வரை அது செயலியைத் தட்டி எழுப்பியது. 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பு, ஓய்வின்போது இந்தத் துடிப்பை நிறுத்த வழிசெய்தது. 2008 ஜனவரியின் 2.6.24 பதிப்பில் வெங்கடேஷ் பல்லிபாடி, ஷாவ்ஹுவா லி, ஆடம் பிலே ஆகியோரின் சிபியுஐடில் எனும் அமைப்பு சேர்ந்தது. வன்பொருளை அறிந்த டிரைவரையும், எந்தப் படி என்று தேர்ந்தெடுக்கும் கவர்னரையும் அது தனித்தனியாக்கியது. இன்றுவரை அந்த அமைப்பு நிலைத்திருப்பதே அதன் தரத்துக்குச் சான்று. மெனு எனும் கவர்னர், அடுத்த டைமருக்கு எத்தனை மைக்ரோநொடி இருக்கிறது, முந்தைய தூக்கங்கள் எவ்வளவு நீடித்தன என்று பார்த்துக் கணிக்கும். கணிப்பு பிசகினால், மிச்சத்தைவிட எழுப்பும் செலவு மிஞ்சிவிடும்.

இந்தியப் பொறியாளர்களின் முத்திரை, ஐபிஎம் பவர்8 செயலிக்கான டிரைவரில் தெரிகிறது. அதன் ஓய்வுப் படிகள் நாப், ஸ்லீப், விங்கிள். ஸ்லீப்பில் கோரின் டைமரும் நின்றுவிடும். எழுப்புவதற்கு வெளியே வேறு டைமரும் கிடையாது. 2014இல் ஐபிஎம்மின் ப்ரீத்தி மூர்த்தி இதற்குத் தந்த தீர்வு எளிமையானது: ஒரு செயலி மட்டும் ஆழ்ந்து தூங்காமல் காவல் இருந்து, நேரம் வந்ததும் மற்றவற்றை எழுப்பும். அதை அணைக்க நேர்ந்தால் காவல் இன்னொன்றுக்குக் கைமாறும்.

சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டமைப்புக்கான சிபியுஐடில் டிரைவர், 2022இல் 5.18 பதிப்பில் இடம்பெற்றது. அனூப் பட்டேல் எழுதியது அது.

சென்னை அம்பத்தூரில் பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. இத்தகைய மையங்களின் சர்வர்களில், தாமதம் வருமென்ற அச்சத்தில் ஆழ்நிலைகளை மொத்தமாக முடக்கிவைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சில பணிகளுக்கு அது தேவைதான்; எல்லாவற்றுக்கும் அல்ல. ஒவ்வொரு படியிலும் செயலி எத்தனை முறை தூங்கியது, எவ்வளவு நேரம் தூங்கியது என்ற கணக்கைக் கெர்னலே சிஸ் கோப்பகத்தில் எழுதிவைக்கிறது. சர்வரைப் பராமரிப்பவர்கள் முடக்குவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.