ஏரி காத்த கைகளும் ஏரி மீனும்

நம் சமூகத்தின் கல்வி வரலாற்றை முதல் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். இவ்வெள்ளிவிழா மலரில் நாம் அதனை ஏரிக்கரையிலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வாரிய உறுப்பினராக நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். மடையைத் திறந்து அடைத்தவர்க்கு அங்கே இடமில்லை.

பிற்காலத்தில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி எனப் பலவாறு அழைக்கப்பட்ட அப்பணியாளர் பல ஊர்களில் ஆதிதிராவிடரே. அடைமழை இரவில் கரையைச் சுற்றிவந்து, கசிவு கண்ட இடத்தை வைக்கோலும் களிமண்ணும் இட்டு அடைத்தவர் அவர். பஞ்ச காலத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்று முறைவைத்தவரும் அவரே. இதற்கு அவர் பெற்றது களத்தில் அளந்த சில மரக்கால் நெல். அப்பங்கிற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர் இருந்ததை எண்ணினால் நகைப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது. ஊர் முழுமைக்கும் நீர் பங்கிட்டவர் ஊர்க் குளத்தில் குடம் முகக்க முடியாது. பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924 ஆகஸ்டில்தான். மராட்டியத்து மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளியது 1927 மார்ச் 20 அன்று.

நீருக்கே இவ்வளவு போராட்டம் என்றால் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் ஏரியில் தானாக வளர்ந்த விராலும் கெளுத்தியுமே மீன். வளர்ப்பதற்குரிய கெண்டைக் குஞ்சுகளை வடநாட்டு ஆறுகளிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே குஞ்சுகளைப் பண்ணையில் உண்டாக்கி எங்கும் வழங்க வழி பிறந்தது. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடிநீரிலும் இரை தேடுவதால் மூன்றையும் ஒரே குளத்தில் வளர்க்கலாம். முதலில் விரால் போன்ற பிற மீனைத் தின்னும் மீன்களை நீக்கவேண்டும். பின் சுண்ணாம்பும் சாணமும் இட்டால் நுண்ணுயிர்கள் பெருகி நீர் இளம்பச்சையாகும். மிகுந்தால் ஆபத்து. இரவெல்லாம் அவையும் மூச்சு விடுவதால், விடியுமுன் மீன்கள் காற்றுக்காக வாய் பிளந்து மேலே மிதக்கும்.

விடியுமுன் கரையில் நின்றவர் நம் பாட்டனார். ஆயினும் மீன்பாசி ஏலத்தில் நம்மவர் கேட்பது அரிது. முன்பணம் வேண்டும், அதனினும் ஊரார் முன்னிலையில் கேட்கும் துணிவு வேண்டும். வெளியூர்க் குத்தகைதாரர் மீனைப் பிடிக்க நீரை விரைந்து வடிக்க முயல்வார். ஆயக்கட்டுதாரர் கடைசிச் சொட்டுவரை வயலுக்குக் கேட்பார். மடைமட்டத்திற்குக் கீழே எவ்வளவு நீர் தங்கும், அதில் எத்தனை மாதம் மீன் பிழைக்கும் என்பது இவ்விருவரினும் நீர்க்கட்டிக்கே நன்கு தெரியும். அவர் பேரப்பிள்ளைகள் இன்று நம் விடுதியில் விலங்கியல் படிக்கின்றனர்.