பெண்ணைக் கரையில் ஒரு கல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆறுகள் இருவகைப்பட்டன. கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயன் மலையிற் பிறந்து, அம்மலைமேற் பெய்யும் மழையையே நம்பி ஓடுவன. பெண்ணையோ கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றித் தொலைவழி நடந்து வருவது. அதன் தென்கரையில் அமைந்த திருக்கோவலூர், சங்கப் பாடல்களில் கோவல் எனவும் கோவலூர் எனவும் பயின்று வரும் பழைய ஊர். திருக்கோவிலூர் என இன்று மக்கள் வழங்குவர். அரசு கலை அறிவியல் கல்லூரியைக் கொண்ட இவ்வூரிலே தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கபிலர் ஏறத்தாழ ஊர்க்காரர். வகுப்பறையிற் படித்த பாடலுக்குரிய கல்லை ஆற்றுக்குட் சென்று தொட்டுப் பார்க்கலாம். இவ்வாய்ப்பு எல்லா ஊர் மாணாக்கர்க்கும் கிட்டுவதன்று.

மலையமான் திருமுடிக்காரி இவ்வூரிலிருந்து ஆண்டவன், கபிலராற் பாடப்பெற்றவன். மலையமான் காசுகள் பெண்ணையாற்று மணலிலிருந்து கிடைத்துள்ளன. அவற்றுட் சிலவற்றில் ஒருபுறம் குதிரையும், மறுபுறம் மலையும் மீன் நீந்தும் ஆறும் காணப்படுகின்றன. தன் நாட்டின் ஆற்றையே காசிற் பொறித்த குறுநில மன்னன் அவன். அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என ஔவையார் புறநானூற்றுப் பாடலொன்றில் (99) குறிக்கின்றார். இதனைப் புலவர் புனைவென்று ஒதுக்கியோரும் இருந்திருக்கலாம். ஆயின் 1981-இல், திருக்கோவலூருக்கு மேற்கேயுள்ள சம்பையில், அந்த அஞ்சி துறவியர்க்குப் பாழி ஈந்த செய்தியைக் கூறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அசோகன் கல்வெட்டுகள் கூறும் ‘சதியபுத்திரர்’ யாவர் என்ற நெடுநாளைய வினாவிற்கும் அதுவே விடை தந்தது.

இனிக் கல்லுக்கு வருவோம். கீழையூர் வீரட்டானேசுவரர் திருக்கோயிலை அடுத்து, ஆற்றுக்குள் நிற்கும் பெரும்பாறை ஒன்று. அதன் உச்சியிற் செங்கல்லாற் கட்டிய சிறுகோயில். கபிலர் குன்று என்பது இதன் பெயர். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் காத்த கபிலர் உயிர்நீத்த இடம் இதுவென்பர். எவ்வாறு நீத்தார் என்பதிலேதான் சான்றுகள் வேறுபடுகின்றன. புறநானூற்று 236-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு, மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்துக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. வீரட்டானத்திலுள்ள முதலாம் இராசராசன் (985-1014) காலத்துச் செய்யுட் கல்வெட்டோ, பாரியின் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டு இக்கல்லின்மேல் தீப்புகுந்தார் என்கிறது. நீர் நடுவே தீ!

இவற்றுள் எது உண்மை என வழக்காடுவதினும், தீப்பாய்ந்த செய்தி கல்வெட்டில் எப்படி நுழைந்தது என வினவுதல் பயனுடைத்து. இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையர் குலத்தவள். கணவன் சுந்தரசோழன் மறைந்தபோது, பால்மணம் மாறா மகவைப் பிரிந்து எரிபுகுந்தவள். அதே கல்வெட்டு அச்செயலையும் போற்றுகின்றது. மலையர் குலத்தரசி தீயிற் புகுந்தாள். மலையர்க்கு மகட்கொடை நேர்ந்த புலவரும் தீயிற் புகுந்தார். இவ்விரண்டும் ஒரே கல்லில் இடம்பெறுதல் தற்செயல் அன்று எனக் கருதலாம். அரசியின் எரியே புலவர்மேலும் ஏற்றப்பட்டிருக்கக் கூடும். அங்ஙனமாயின் அக்கல்வெட்டு கபிலரின் இறப்பிற்குச் சான்றாவதைவிட, அவருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட ஆற்றங்கரை ஊர் அவரை எப்படி நினைத்தது என்பதற்கே சிறந்த சான்றாகும். அந்நினைவும் வரலாறே.

முதலாழ்வார் மூவரும் மழை இரவொன்றில் நெருங்கி நின்ற இடைகழியும் இவ்வூரிலேயே காட்டப்படுகின்றது. அது தனியே எழுதத்தக்க பொருள்.

ஆற்றங்கரை வாழ்வின் இன்னொரு பக்கமும் உண்டு. 1958-இல் சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் பெண்ணை பெரும்பாலும் மணலாறாகவே கிடக்கின்றது. கல்லுக்கு நடந்தே செல்லும் நாட்கள் மிகுதி. திருக்கோவிலூர்ப் புகைவண்டி நிலையம் இருப்பது வடகரை அரகண்டநல்லூரில். வண்டியேற வேண்டுவோர் ஆற்றைக் கடந்தாக வேண்டும். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது தென்கரை அதனோடு சேர, வடகரை விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. சம்பந்தர் பாடிய அறையணிநல்லூரும் அவர் பாடிய கோவலூரும் இன்று இருவேறு ஆட்சியர்க்கு உட்பட்டவை.

வறண்ட ஆறு தன் வழியை மறப்பதில்லை. 2024 திசம்பர்த் தொடக்கத்தில் ‘ஃபெஞ்சல்’ புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. மேலே திருவண்ணாமலை மாவட்டத்து அகரம்பள்ளிப்பட்டில், மூன்று திங்களுக்கு முன் திறக்கப்பெற்ற பாலம் அடித்துச் செல்லப்பட்டது. கீழே இருகரை ஊர்களிலும் நீர் புகுந்தது. மணற்பரப்பின் நடுவே கிடந்த கபிலர் குன்றைச் சுற்றி, கல்வெட்டுப் புலவன் பாடிய கரைபொரும் பெண்ணை மீண்டும் ஓடிற்று. செங்கற் கோயிலோடு கல் நின்ற இடத்திலேயே நின்றது.