பெயரிடப்படாத பொத்தான்கள்

1976ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள், ரே கர்ஸ்வைல் என்னும் 27 வயது அமெரிக்கர் செய்தியாளர்கள் முன் ஓர் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். துணி துவைக்கும் இயந்திரத்தின் பருமன் கொண்டது அது. அதன் கண்ணாடித் தட்டின்மீது அச்சிட்ட தாளொன்றைக் கவிழ்த்து வைத்தால், சற்று நேரத்தில் அத்தாளிலுள்ளதை அது உரக்கப் படிக்கத் தொடங்கும். குரல் கரகரப்பானது, ஏற்ற இறக்கம் அற்றது. ஆயினும் தமக்கு வந்த கடிதத்தை அடுத்தவர் கண்களுக்குக் காட்டாமல் தாமே கேட்டறியும் வழியைப் பார்வையற்றோருக்கு அது திறந்துவிட்டது. அன்று மாலைத் தொலைக்காட்சிச் செய்தியை முடித்த வால்டர் கிராங்கைட், தமது வழக்கமான விடைபெறும் சொற்களை அந்த இயந்திரத்தின் குரலிலேயே ஒலிக்கச் செய்தார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அதனை வாங்கிய முதல் சிலருள் ஒருவர். மற்றபடி அது தனியொருவர் எளிதில் வாங்கக்கூடிய விலையன்று.

செயற்கை நுண்ணறிவு என்றவுடன் நம்மில் பலர் அதனை நேற்று முளைத்த காளானாகவே எண்ணுகிறோம். அக்கலை முதன்முதலில் வீட்டு வாசலை மிதித்தபோது யாருக்காக மிதித்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஏதோ ஒன்றிரண்டு வகை அச்செழுத்துகளை மட்டும் அறியும் இயந்திரங்கள் முன்பே இருந்தன. எவ்வகை அச்செழுத்தாயினும் அதன் வடிவ இயல்பை அறிந்து 'இது இன்ன எழுத்து' என்று சொல்லும் திறனையே கர்ஸ்வைல் கண்டறிந்திருந்தார். அத்திறனை எதற்குப் பயன்படுத்துவது என்பது அவருக்கே தெளிவாக இருக்கவில்லை. வானூர்தியில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த பார்வையற்ற ஒருவர், தமக்குள்ள பெருந்தடை சாதாரண அச்சுத்தாளைப் படிக்க இயலாமையே என்று சொன்னதிலிருந்துதான் அந்த எண்ணம் பிறந்தது என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பினர் அந்த இயந்திரத்தைக் கையாண்டு பார்த்துத் திருத்தங்கள் சொன்னார்கள். பயன்படுத்தப்போகிறவர்களையே கேட்டுச் செய்த பொருள் என்பதால் அது பயன்பட்டது. இந்தச் சிறு செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

1980களில் கணிப்பொறி அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அக்காலத் திரையில் எழுத்துகளைத் தவிர வேறொன்றும் இல்லை எனலாம். திரையில் தோன்றிய ஒவ்வோர் எழுத்தும் கணிப்பொறியின் நினைவகத்திலும் எழுத்தாகவே கிடந்தது. ஆகவே அதனை எடுத்துக் குரலாக மாற்றுவது இயன்ற செயலாயிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் என்னும் கணித வல்லுநர், பார்வையற்ற தம் சக பணியாளர் ஜெஸ்ஸி ரைட்டுடன் சேர்ந்து இத்தகைய மென்பொருள் ஒன்றை உருவாக்கினார். 'திரைபடிப்பான்' என்று நாம் இன்று பொதுப்பெயராக வழங்குவது, முதலில் அந்த ஒரு மென்பொருளுக்கு இடப்பட்ட பெயரே. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராயிருந்து 1978இல் விபத்தொன்றில் பார்வை இழந்த டெட் ஹென்டர், 1989இல் 'ஜாஸ்' என்னும் திரைபடிப்பானை வெளியிட்டார். பார்வையுள்ளவர் கண்ணால் படித்ததையே பார்வையற்றவர் காதால் படித்து, அதே மேசையில், அதே கணிப்பொறியில் வேலை செய்தார். அவர்கள் மென்பொருள் எழுதினார்கள், பதிவேடுகளைப் பராமரித்தார்கள், ஊதியம் பெற்றார்கள்.

இந்த நிலை நீடிக்கவில்லை. 1984இல் வந்த மெக்கின்டோஷ் கணிப்பொறியும், பின்னர் விண்டோஸும் திரையை எழுத்துப் பலகையிலிருந்து ஓவியச் சீலையாக மாற்றின. கோப்புக்குப் பதில் கோப்பின் படம்; 'அழி' என்னும் சொல்லுக்குப் பதில் குப்பைக்கூடையின் படம். கண்ணுள்ளவர்க்கு இது பெரும் எளிமை. ஆனால் திரைபடிப்பானுக்கோ எழுத்து இருந்த இடத்தில் வெறும் ஒளிப்புள்ளிகளே எஞ்சின. நேற்றுவரை அலுவலகத்தில் எல்லாருக்கும் நிகராக உழைத்தவர், அலுவலகம் புதிய கணிப்பொறிக்கு மாறிய நாளன்று கையற்று நிற்கும் நிலை உருவாயிற்று. அவருடைய உடலில் புதிதாக எக்குறையும் ஏற்படவில்லை, மாறியது கருவிதான். ஊனம் என்பது மனிதரிடம் எவ்வளவு இருக்கிறது, அவருக்கு நாம் தரும் கருவியில் எவ்வளவு இருக்கிறது என்னும் கேள்வியை இவ்வளவு வெளிப்படையாக எழுப்பிய நிகழ்ச்சி அண்மை வரலாற்றில் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது இவ்வச்சம் முற்றியது. மாசசூசெட்ஸ் மாநில அரசு, பார்வையற்ற ஊழியர்கள் பயன்படுத்த இயலாத மென்பொருளை வாங்கமாட்டோம் என்று எச்சரித்தது. வாடிக்கையாளராக ஓர் அரசே வாய்திறந்ததும் காரியம் விரைந்து நடந்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. அதன்படி, திரையிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன்னைப்பற்றிச் சில செய்திகளைத் திரைபடிப்பானிடம் சொல்ல இயலும்: 'நான் ஒரு பொத்தான், என் பெயர் சேமி, இப்போது அழுத்தப்படாமல் இருக்கிறேன்'. படத்திற்குப் பின்னே மீண்டும் சொல் வந்து அமர்ந்தது.

ஆனால் அந்தச் சொல்லை எழுத வேண்டியவர் யார்? இங்குதான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. கணிப்பொறியின் அடிப்படை மென்பொருளைச் செய்யும் நிறுவனம், பெயர் எழுதுவதற்கான வெற்றுக் கட்டத்தை மட்டுமே தருகிறது. கட்டத்தை நிரப்ப வேண்டியவர்கள், அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லாத, எங்கெங்கோ இருந்து பயன்பாட்டு மென்பொருள்களை எழுதும் இலட்சக்கணக்கான நிரலர்கள். கட்டத்தை வெறுமையாக விட்டாலும் மென்பொருள் குறையின்றி ஓடும். கண்ணுள்ள எவரும் அக்குறையை அறியமாட்டார். பார்வையற்றவரின் காதில் மட்டும் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று ஒலித்துக்கொண்டிருக்கும். அவற்றுள் எது பணம் அனுப்புவது, எது கணக்கையே அழிப்பது என்று அவர் அறியார்.

வெளியிலுள்ள நிரலர்களைத் தம் பக்கம் ஈர்க்க நிறுவனங்கள் தனியாக ஆள்களை அமர்த்துவதுண்டு. அப்பணிக்கு ஆப்பிள் நிறுவனத்தார் 1980களில் வைத்த பெயர் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம்: 'இவாஞ்சலிஸ்ட்', அதாவது நற்செய்தியாளர்! மைக் பாய்ச், கய் கவாசாகி போன்றோர் மெக்கின்டோஷுக்கு மென்பொருள் எழுதும்படி பிற நிறுவனங்களைத் தேடிச் சென்று மன்றாடியவர்கள். நம் திருமறைச் சொல் வணிகத்தில் புழங்குவதை எண்ணிச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நமக்கு அதில் பெரிய மனத்தாங்கல் இல்லை. ஆனால் அச்சொல்லைக் கடன் வாங்கியவர்கள், அச்செய்தி எவர்க்கு முதலில் உரியதோ அவர்களை நெடுங்காலம் மறந்திருந்தார்கள். வண்ணம், வேகம், விற்பனை ஆகியவை பற்றியே பறைசாற்றல் நடந்தது; வெற்றுக் கட்டத்தை நிரப்புங்கள் என்னும் அறிவுரை கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது.

இணையத்திலும் இதே கதைதான். படத்திற்குப் பதிலாகப் படிக்கத்தக்க ஒரு வரியை அதன் பின்னே எழுதி வைக்கும் வசதி 1995க்கு முன்பே இருந்தது. அதற்கான அனைத்துலக நெறிமுறைகள் 1999 மே மாதம் வெளியாயின. இருபது ஆண்டுகள் கழித்து, 2019இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு புகழ்பெற்ற பத்து இலட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆய்ந்தது. அவற்றுள் 97.8 விழுக்காட்டில் நெறிமுறைக்கு மாறான குறைகள் இருந்தன. 2025ஆம் ஆண்டு ஆய்வில் அது 94.8 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் இறங்கியது மூன்றே மூன்று விழுக்காடு.

கைபேசியின் வரலாறு இதைவிட மகிழ்ச்சிக்குரியது. 2007இல் வெளிவந்த ஐபோன் பார்வையற்றோருக்கு ஒரு வழுக்குப் பாறையாகவே தோன்றியது. விரலால் தடவி அறிய அதில் விசைகளே இல்லை; வெறும் கண்ணாடி. ஆனால் 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் கருவியில் 'வாய்ஸ்ஓவர்' என்னும் திரைபடிப்பான் கூடுதல் விலையின்றி உடன் வந்தது. விரலைக் கண்ணாடியில் நகர்த்தினால், விரலின் கீழுள்ளது இன்னதென்று குரல் சொல்லும். இருமுறை தட்டினால் அது இயங்கும். அதே ஆண்டு ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இத்தகைய வசதி வந்தது. கூகிள் நிறுவனத்தில் அம்முயற்சியில் முன்நின்றவர்களுள் ஒருவர், பதினான்காம் வயதில் பார்வை இழந்து, புனேயிலும் மும்பை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற டி.வி. இராமன். மிக்க விலை கொடுத்துத் தனியே வாங்க வேண்டிய துணைக்கருவி என்ற நிலை போய், எல்லாரும் வாங்கும் பொருளுக்குள்ளேயே பார்வையற்றோருக்கும் இடம் அமைந்தது. எனினும் வெற்றுக் கட்டங்கள் இங்கும் தொடர்ந்தன.

இவ்விடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு மீண்டும் நுழைகிறது. எழுதப்படாத பெயரை இயந்திரமே ஊகித்துச் சொன்னால் என்ன? 2016இல் ஃபேஸ்புக் நிறுவனம் படங்களில் என்ன இருக்கக்கூடும் என்பதைத் தானே சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. 2020இல் ஆப்பிள் இன்னும் ஒரு படி சென்றது. கைபேசித் திரையை ஒரு படமாகவே பார்த்து, இது பொத்தான், இது தேடும் கட்டம் என்று கண்டுசொல்லும் வசதியை வாய்ஸ்ஓவரில் சேர்த்தது. இதற்காக 4,068 பயன்பாட்டு மென்பொருள்களிலிருந்து 77,637 திரைகளைத் திரட்டிக் கணிப்பொறிக்குக் கற்பித்ததாக அதன் ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். பின்னர் 2023 மார்ச்சில், பார்வையற்றோரைக் கண்ணுள்ள தன்னார்வலர்களுடன் கைபேசி வழியே இணைத்துவந்த டென்மார்க்கின் 'பி மை ஐஸ்' அமைப்பு, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 உடன் சேர்ந்து, படத்தை விளக்கி வினாக்களுக்கு விடையும் சொல்லும் சேவையை அறிவித்தது. அலமாரியில் எந்தச் சட்டை நீலம், டப்பாவில் இருப்பது உப்பா சர்க்கரையா என்று நள்ளிரவிலும் எவரையும் எழுப்பாமல் கேட்டறியலாம். இதனைச் சிறிய நன்மை என்று சொல்வோர் ஒரு நாளேனும் பிறரை எதிர்பார்த்து வாழ்ந்திராதவர்.

ஆயினும் இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்றுண்டு. நிரலர் எழுதிய பெயர் அறிவிப்பு. இயந்திரம் சொல்லும் பெயர் ஊகம். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கலாம். தவறும்போது, கண்ணுள்ளவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். எவருக்காக அந்த ஊகம் செய்யப்படுகிறதோ அவரால் மட்டுமே அதனைச் சரிபார்க்க இயலாது. அதுவும் தயக்கமே இல்லாத தெளிந்த குரலில் சொல்லப்படும் பிழை. மருந்துச்சீட்டைப் படிக்கவும், உணவில் ஒவ்வாத பொருள் உண்டா என அறியவும், சாலையைக் கடக்கவும் இதனை நம்பியிருக்க வேண்டாம் என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023இல் வெளியிட்ட ஆவணத்தில் எழுதி வைத்தது.

இதைவிடக் கவலை தருவது, ஊகிக்கும் இயந்திரம் கிடைத்துவிட்டதால் எழுத வேண்டியவர்கள் எழுதாமல் விடுவது. இது வீண் அச்சமன்று. ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், எந்த இணையதளமும் செயற்கை நுண்ணறிவினால் தானாகவே நெறிமுறைக்கு இசைந்ததாகிவிடும் என்று விளம்பரம் செய்து ஒரு தொழிலே வளர்ந்தது. பார்வையற்ற பயனர்களோ, இச்சேர்க்கை உதவுவதற்குப் பதில் தங்கள் திரைபடிப்பானுக்கே இடையூறு செய்கிறது என்று பல ஆண்டுகள் முறையிட்டனர். கடைசியில் 2025இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், ஆக்சஸிபி என்னும் நிறுவனம் இவ்வகையில் மெய்ப்பிக்கப்படாத உறுதிமொழிகளைக் கூறியதாகக் குற்றஞ்சாட்டி, அது பத்து இலட்சம் டாலர் செலுத்த ஆணையிட்டது. கர்ஸ்வைலின் இயந்திரத்தைச் சோதிக்கப் பார்வையற்றோர் முன்னரே அழைக்கப்பட்டார்கள். இங்கு அவர்களது குரல் வழக்கு என்ற அளவுக்கு வந்த பிறகே கேட்டது.

இதெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று தமிழர் நாம் ஒதுங்கிவிட இயலாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் டே என்பவருடன் வளர்த்தெடுத்த 'என்விடிஏ' திரைபடிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் 'ஈஸ்பீக்' குரல் தமிழும் படிக்கும். ஆனால் அது படிக்கத் தமிழ் இருக்க வேண்டுமே! ஒருங்குறி பரவுமுன் நம் அச்சகங்கள் பயன்படுத்திய பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் அணிவித்திருந்தனர். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டெழுதியதைத் திரைபடிப்பான் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே காணும். கண்ணுக்குத் தமிழ்; உள்ளே தமிழ் இல்லை. பெயரிடப்படாத பொத்தானின் இன்னொரு வடிவம் இது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய எழுத்துருவில் கோத்த விழா மலர்களும் நூல்களும் கோப்புகளாக இன்றும் பல அச்சகங்களில் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்து எழுத்துகளை ஊகித்தறியும்படி செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைப்பது ஒரு வழி. மூலக் கோப்பையே தேடியெடுத்து எழுத்துமாற்றியில் இட்டால், எழுத்துக்கு எழுத்து ஊகமின்றி ஒருங்குறியாக மாறிவிடும். ஒரு நூலுக்குச் சில நிமிடங்கள் ஆகும்.