டென்னிஸ் வீரருள் முதல்வர் யார்?

தருமபுரி மாவட்டத்து மாணவ மாணவியர்க்குத் தகடூர் என்னும் பெயரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. நம் ஊரின் பழம்பெயர் அது. அங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு கூறுகிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். அங்கிருந்த வேல்கள் நெய் பூசப்பெற்று, மாலை சூட்டப்பெற்று, பளபளவென்று மின்னின. ஔவையார் அவற்றைப் புகழ்வார் போலப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். எது சிறந்த படை என்பதை அதன் பளபளப்பைக் கொண்டு முடிவு செய்யலாகாது. அது எங்கே, யாரோடு பொருதது என்று கேட்க வேண்டும் என்பதே அந்தச் சொல்லின் உட்பொருள்.

இந்தக் கேள்வியை இன்று வேறொரு களத்தில் கேட்டுப் பார்ப்போம். அந்தக் களம் டென்னிஸ். நம் நாட்டு டென்னிஸ் ஆண் வீரர்களுள் ஒற்றையர் ஆட்டத்தில் முதல்வர் யார் என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. கல்லூரி விடுதிகளில் இரவு விளக்கணைந்த பிறகும் ஓயாத விவாதம் இது. பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடுகின்றன: இராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன். மூவரும் சென்னையில் ஆடி உலகம் சென்றவர்கள். முதல்வரும் மூன்றாமவரும் தந்தையும் மகனும் ஆவர்.

முதலில் அவரவர் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இராமநாதன் கிருஷ்ணன் 1937-இல் பிறந்தவர். தந்தை டி. கே. இராமநாதனும் சிறந்த ஆட்டக்காரரே. 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார்; ஆசியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் பின்னர் 1958-இல் விம்பிள்டன் சாம்பியன் ஆனார். 1959-இல் இலண்டன் குவீன்ஸ் கிளப் பட்டத்தைக் கிருஷ்ணன் கைக்கொண்டார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரை இறுதியை எட்டினார். முதல் முறை நீல் பிரேசரிடமும் இரண்டாம் முறை ராட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவரும் அந்தந்த ஆண்டில் பட்டம் வென்றவர்கள். இந்திய ஆடவர் வேறு எவரும் விம்பிள்டன் ஒற்றையரில் அரை இறுதியை எட்டியதில்லை.

விஜய் அமிர்தராஜ் 1953-இல் பிறந்தவர். 1973-இலும் 1981-இலும் விம்பிள்டன் கால் இறுதிக்கும், 1973-இலும் 1974-இலும் அமெரிக்க ஓப்பன் கால் இறுதிக்கும் வந்தவர். லேவரையும், போர்க்கையும், மெக்கன்ரோவையும் வென்ற கை அவருடையது. 1980-இல் உலகத் தரவரிசையில் 18-ஆம் இடம் பெற்றார்.

ரமேஷ் கிருஷ்ணன் 1961-இல் பிறந்தவர். 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு இளைஞர் பட்டங்கள் இரண்டையும் வென்றார். 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓப்பன் கால் இறுதியும், 1986-இல் விம்பிள்டன் கால் இறுதியும் கண்டார். தரவரிசையில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 23, ஆண்டு 1985.

இனி அளவுகோல்களுக்கு வருவோம். இவர்களை எதைக் கொண்டு அளப்பது?

தரவரிசை எண்ணைக் கொண்டு அளக்கலாமே என்பர் சிலர். 18 என்பது 23-ஐவிட மேலானது. எனவே விஜய் முன், ரமேஷ் பின். கணக்கு முடிந்தது என்பது அவர்கள் கட்சி. அவ்வாறாயின் இராமநாதன் கிருஷ்ணனை எங்கே வைப்பது? தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் கணிப்பொறியின் துணையோடு தரவரிசை வெளியிடத் தொடங்கியது 1973 ஆகஸ்டு மாதத்தில்தான். அதற்கு முன் இருந்தவை எல்லாம் பத்திரிகை எழுத்தாளர்கள் ஆண்டு முடிவில் தம் அறிவைக் கொண்டு வகுத்த பட்டியல்கள். அப்பட்டியல்களில் கிருஷ்ணன் உலகின் முதல் பத்து அமெச்சூர் வீரர்களுள் வைக்கப்பெற்றார். ஆனால் பட்டியலுக்குப் பட்டியல் இடம் மாறும். மனிதர் கருத்தால் விளைந்த எண்ணையும் கணிப்பொறி தந்த எண்ணையும் ஒரே தராசில் இடலாகாது. கணிப்பொறி எண்களும் தம்முள் ஒரு தன்மையன அல்ல. தொடக்கத்தில் ஒருவர் பெற்ற புள்ளிகளின் சராசரியே கணக்கிடப்பட்டது. 1990 முதல் சிறந்த போட்டிகள் சிலவற்றில் பெற்ற புள்ளிகளின் கூட்டுத்தொகை கொள்ளப்பட்டது. ஆதலின் 1980-இன் 18-ஆம் இடமும் இக்காலத்து 18-ஆம் இடமும் பெயரளவில் ஒன்றே தவிர, பொருளளவில் ஒன்றல்ல.

அப்படியானால் பெரும் போட்டிகளில் எட்டிய படியைக் கொண்டு அளக்கலாம் என்பர் வேறு சிலர். இது மேலும் நல்ல அளவுகோல். அரை இறுதி கால் இறுதியினும் உயர்ந்தது. எனவே இராமநாதன் கிருஷ்ணனே முதல்வர் என்பது இவர்கள் முடிவு. ஆனால் இங்கும் ஒரு தடை எழுகிறது. அத்தடையை மறைக்காமல் எடுத்துச் சொல்வதே வரலாற்று மாணவனுக்கு அழகு.

1968 ஏப்ரலுக்கு முன் விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். ஆட்டத்துக்கு ஊதியம் பெறாதவரே அமெச்சூர். ஊதியம் பெறும் உடன்படிக்கையில் ஒருவர் கையெழுத்திட்ட அன்றே விம்பிள்டனின் கதவு அவருக்கு அடைபட்டது. உலகின் தலைசிறந்த வீரர் பலர் இவ்வாறு வெளியேறினர். 1960-இலும் 1961-இலும் கிருஷ்ணன் அரை இறுதி கண்டபோது பாஞ்சோ கன்சாலஸ், கென் ரோஸ்வால், லூ ஹோட் ஆகியோர் அக்களத்தில் இல்லை. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு லேவரின் வாழ்க்கையே சான்று. 1962-இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அவர், தொழில்முறை அணியில் சேர்ந்த தொடக்கத்தில் ரோஸ்வாலிடமும் ஹோடிடமும் அடுத்தடுத்துத் தோற்றார்.

வெறும் எண்ணிக்கை எத்துணை ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ராய் எமர்சன் பெற்ற பெரும் ஒற்றையர் பட்டங்கள் 12. எல்லாம் 1961-க்கும் 1967-க்கும் இடையே, தொழில்முறை வீரர்கள் இல்லாத களத்தில் பெற்றவை. கன்சாலஸ் பெற்றவை 2 மட்டுமே. 1949-இலேயே அவர் தொழில்முறைக்குச் சென்றுவிட்டார். 12 என்பது 2-ஐப் போல ஆறு மடங்கு. ஆனால் எமர்சன் கன்சாலஸைவிட ஆறு மடங்கு பெரியவர் என்று ஆட்டம் அறிந்தவர் எவரும் சொல்லார்.

அப்படியானால் கிருஷ்ணனின் அரை இறுதிகளைத் தள்ளிவிடுவதா? அவசரம் வேண்டா. இதே தடை விஜய்க்கும் உண்டு என்பதை நினைவிற் கொள்க. 1973 விம்பிள்டன் போட்டியை 81 வீரர்கள் புறக்கணித்தனர். யுகோஸ்லாவிய வீரர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து எழுந்த புறக்கணிப்பு அது. அந்த மெலிந்த களத்தில்தான் விஜய் முதன்முதல் கால் இறுதி கண்டார். அவ்வாண்டு பட்டம் வென்ற கோடெஷிடம் ஐந்தாம் செட்டில் 7-5 என்ற கணக்கில் தோற்றார். களம் மெலிந்தது என்ற குறை தந்தை தலைமுறைக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே மூன்றாவது அளவுகோல் ஒன்று வேண்டும். களத்தில் இல்லாதவர் யார் என்று கேட்டோம். இனி, களத்தில் இருந்தவர் யார், அவரோடு இவர் எப்படி ஆடினார் என்று கேட்போம். ஔவையார் கேட்ட கேள்வியும் இதுவே.

விஜய்க்கு இந்தச் சோதனையில் நல்ல விடை கிடைக்கிறது. விம்பிள்டன் முடிந்து இரண்டு மாதங்களில், எவரும் புறக்கணிக்காத அமெரிக்க ஓப்பனில், லேவரையே ஐந்து செட்களில் வென்று மீண்டும் கால் இறுதிக்கு வந்தார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் போர்க்கை வென்றார். 1984-இல் மெக்கன்ரோ ஆண்டு முழுவதிலும் மூன்றே ஆட்டங்களில் தோற்றார். அவற்றுள் ஒன்று சின்சினாட்டியில் விஜயிடம் கண்ட தோல்வி. எனினும் ஒரு குறை உண்டு. மலையுச்சி கண்ட நாட்கள் பல. அங்கே தங்கிய நாட்கள் சில. 1981 விம்பிள்டன் கால் இறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை வென்ற பின்னரும் வெற்றி கைநழுவியது.

ரமேஷின் ஆட்டக் காலம் மட்டைகள் மரத்திலிருந்து கார்பன் இழைக்கு மாறிய காலம். பந்தின் வேகம் பெருகிற்று. அந்தப் புயலின் நடுவே, பலத்தை நம்பாது நுட்பத்தை நம்பி ஆடியவர் அவர். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்தவரும் முந்தைய ஆண்டு அப்பட்டத்தை வென்றவருமான மாட்ஸ் விலாண்டரை ஒரு செட்டும் இழக்காமல் வென்றார். 23 என்ற எண் இதைச் சொல்லுமா?

இராமநாதன் கிருஷ்ணனோ, 1959 குவீன்ஸ் கிளப் இறுதியாட்டத்தில் பிரேசரை வென்றார். அதே ஆண்டு டேவிஸ் கோப்பையில் லேவரை வென்றார். 1961 விம்பிள்டன் கால் இறுதியில் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வீழ்த்தினார். அமெச்சூர் உலகின் சிகரத்தில் நின்ற மூவரையும் அவர் வென்றிருக்கிறார். அதுவும் ஓரிரு நாள் வியப்பாக அன்று, மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து. கதவுக்கு வெளியே நின்றவர்களோடு அவர் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகம். அந்த ஊகத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. தொழில்முறை அணியை நடத்திய ஜாக் கிராமர் கிருஷ்ணனுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தார் என்று கூறப்படுகிறது. வியாபாரம் அறிந்த கிராமர் தகுதியில்லாதவருக்கு அப்பெருந்தொகையை நீட்டியிருக்கமாட்டார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடும் உரிமை போயிருக்கும்.

அந்த மறுப்பின் பயனை நாடு 1966-இல் கண்டது. கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டி இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக்கிடம் இரண்டு செட்களை இழந்து, நான்காம் செட்டில் 2-5 என்று பின்தங்கிய கிருஷ்ணன், அங்கிருந்து மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் நாம் 1-4 என்று தோற்றோம். கிடைத்த அந்த ஒரு வெற்றி நியூகோம், ரோச் இணையைக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் வென்றது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி என் முடிவைக் கூறுவதானால், இராமநாதன் கிருஷ்ணனை முதலிலும், விஜய் அமிர்தராஜை இரண்டாவதாகவும், ரமேஷை மூன்றாவதாகவும் வைப்பேன். முதல் இருவர்க்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. விஜய் எதிர்கொண்ட களம் அகலமானது என்று வாதிட்டு அவரை முன்னே வைப்பவரை நான் மறுத்துரைக்க மாட்டேன். அவர் காரணம் காட்டுகிறாரா என்று மட்டும் கேட்பேன். இது ஒற்றையருக்கு மட்டும் உரிய வரிசை. இரட்டையர் ஆட்டத்தையும் சேர்த்தால் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஆகியோருக்கு வேறொரு பட்டியல் வேண்டும்.

எந்தப் பட்டியலிலும் ஏறாத செயல்களும் உண்டு. 1974-இல் விஜயும் அவர் தமையனார் ஆனந்தும் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு வந்தது. ஆடாத தலைவராக இருந்தவர் இராமநாதன் கிருஷ்ணன். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. வென்றிருக்கக்கூடிய ஒரு கோப்பையை அவ்வீரர்கள் இழந்தார்கள். புள்ளிக் கணக்கில் அதற்கு மதிப்பு சுழி. வரலாற்றின் கணக்கில் அவ்வாறன்று.

மாணவ மாணவியரே, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் உங்கள் பெயருக்கு எதிரேயும் ஓர் எண் நிற்கும். அந்த எண் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. பள்ளிக்கு நெடுந்தொலைவு நடந்து வந்து படித்தவரின் எண்ணையும், எல்லா வசதியும் வாய்த்தவரின் எண்ணையும் ஒரே பொருளுடையனவாக வாசிப்பது, 1961-இன் அரை இறுதியையும் 1981-இன் கால் இறுதியையும் எண் மட்டும் பார்த்து ஒப்பிடுவது போன்றதே.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. நேரம் வாய்த்தால் சென்று பாருங்கள். பழைய நடுகற்களின் எழுத்தில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்தப் பூசலில், எதைக் காக்க அவ்வீரன் பட்டான் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். அவன் எத்தனையாவது வீரன் என்று எழுதும் வழக்கம் இல்லை. காலமும், களமும், எதிர்நின்றோரும் தெரிந்தால் வீரத்தைப் படிப்பவரே அளந்துகொள்வர் என்று நம் முன்னோர் நம்பினர் போலும். நீங்களும் இனி ஒரு வீரரை வரிசையில் வைக்கும்போது, எண்ணுக்கு அருகே அந்த மூன்றையும் எழுதி வையுங்கள்.