துயரைப் பாட்டாக்கிய மலைகள்



தை பிறந்தால் பங்குனி வரை திம்புள்ளப் பள்ளத்தாக்கிலே ஒரு வறண்ட காற்று வீசும். பகலிலே வெயில் காயும். இரவிலே குளிர் எலும்பைத் துளைக்கும். அந்நாட்களில் தேயிலைக் கொழுந்து மெல்ல மெல்லத்தான் துளிர்க்கும். ஆயினும், ஆண்டிலேயே சிறந்த மணமும் சுவையும் அப்பருவத்துக் கொழுந்திலேதான் ஊறுகின்றன. திம்புள்ளத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே பெயர் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் காற்றுக்காலம்தான்.

இதனை எடுத்துக்காட்டி, "மனிதனும் வாடினால்தான் மணப்பான்" என்று மேடைகளிலே பேசுவோர் உண்டு. நானும் ஒரு காலத்தில் வகுப்பறையில் அவ்வாறு சொல்லியிருக்கிறேன். இப்பொழுது சொல்வதில்லை. வாட்டம் செடிக்கு மணம் தரலாம். மனிதரை அது வாட்டத்தான் செய்யும். இம்மலைகளிலே வாழ்ந்த மக்களின் பெருமை அவர்கள் துன்பப்பட்டார்கள் என்பதில் இல்லை. அந்தத் துன்பத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலேயே அது இருக்கிறது. அதுபற்றிச் சில செய்திகளை இன்று தங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இன்று தேயிலை போர்த்திக் கிடக்கும் இம்மலைகளிலே முதலில் பயிரானது கோப்பி. தமிழகத்துக் கிராமங்களிலே பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிமாரின் பேச்சை நம்பிப் புறப்பட்டவர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869ஆம் ஆண்டிலே இலங்கையில் இனங்காணப்பட்ட இலைநோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிரை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்திலேதான் ஆட்கள் பெருமளவிலே வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே, வந்து வந்து திரும்பிப் போனவர்கள் குடும்பத்தோடு லயங்களிலே நிலைகொள்ளலாயினர்.

நிலைகொண்டவர்களுக்குச் சொந்தம் என்று எதுவும் இருக்கவில்லை. காணி இல்லை. எழுத்தறிவு இல்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றாலும், பட்ட கடனைக் குறித்த 'துண்டு' ஒன்று அவர்களுடன் கூடவே சென்றது. இம்முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அப்படியாயின், இம்மக்கள் தம் நெஞ்சு உடைந்துபோகாமல் எதைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள்? மாரியம்மன் கோயில் இருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்து இருந்தது. தப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டு இருந்தது. தொட்டிலருகே தாலாட்டு, இழவு வீட்டிலே ஒப்பாரி, கொழுந்து மலையிலே தெம்மாங்கு என, பிறப்பு முதல் இறப்பு வரை பாட்டு அவர்களுடன் வந்தது.

கோப்பிப் பழம் ஒன்றே ஒன்று தவறியதற்காகச் சின்னத்துரையிடம் உதைபட்ட கதையைச் சொல்லும் பாடலொன்று இன்றும் மலையகமெங்கும் வழங்குகின்றது. உதைபட்டவன் அந்த இடத்திலே வாய் திறந்திருக்க முடியாது. ஆனால், அதே சங்கதியைப் பாட்டிலே வைத்துப் பலர் கூடிப் பாடும்பொழுது, அவன் பட்ட அடி அவன் ஒருவனுடையதாக இருக்கவில்லை. ஒப்பாரியும் அத்தகையதே. மகனை இழந்த தாய் தனித்து அழுவதில்லை. லயத்துப் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அவளுடன் அழுகிறார்கள். மனத்தின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று இன்றைய உளநல மருத்துவர்கள் சொல்வதை எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் பழக்கத்திலேயே கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாட்டின் வலிமையை உணர்ந்து, அதனை விழிப்புக்குரிய கருவியாக்கியவர் மீனாட்சி அம்மையார். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வாழ்க்கைத் துணைவி அவர். வெளியார் தோட்டங்களுக்குள் நுழைவதைத் துரைமார் தடுத்திருந்த காலம் அது. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று வந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவியபோது, அம்மையாரும் உடன் நின்று உழைத்தார். பாரதி பாடல்களையும், தாமே இயற்றிய பாடல்களையும் தொழிலாளர் கூடும் இடங்களிலே உரத்துப் பாடினார். பேச்சைக் கேட்க அஞ்சியவர்களும் பாட்டைக் கேட்க வந்து நின்றார்கள். 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து' என்னும் அவரது நூல் பெயரிலேயே துயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் அது அழுவதற்காக எழுதப்பட்ட நூலன்று; விழிப்பதற்காக எழுதப்பட்டது. வீட்டை விட்டு வெளியே வந்து பெண்ணொருத்தி பொது இடத்திலே பாடுவதை ஏளனமாக நோக்கிய சமூகத்திலே அவர் அதனைச் செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மையார் மக்களுக்குப் பாட்டைக் கொடுத்தார். மக்களிடமிருந்து பாட்டைப் பெற்று உலகுக்குக் கொடுத்தவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1914ஆம் ஆண்டு வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திலே, கங்காணிக் குடும்பமொன்றிலே பிறந்தவர் அவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். ஆனால், 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களும் அவற்றை அடுத்துவந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிவு செய்த மக்களின் வாக்குரிமையைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது மலையகத் தோட்டங்களிலே வாக்களிக்க ஆளில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கையிலே 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 300,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டார்கள். எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைக்கு விடப்பட்டது. லயம் லயமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

தம் மக்களின் பேரால் பேசுவதற்கு இருந்த ஆசனத்தை இழந்தவர் கசப்போடு ஒதுங்கியிருக்கலாம். வேலுப்பிள்ளை எழுதினார். ஆங்கிலத்திலே அவர் பாடிய தேயிலைத் தோட்டக் கவிதை சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தால் நம்மவரிடையே பரவியது. 'போர்ன் டு லேபர்' என்ற அவரது ஆங்கில நூல் 1970இல் வெளிவந்தது. அதற்கெல்லாம் மேலாக, லயத்து வாசல்களிலே அமர்ந்து, எவரும் பொருட்படுத்தாத பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கங்காணியைக் கேலி செய்யும் பாடல்களை, கங்காணிக் குடும்பத்துப் பிள்ளையே தேடித் தொகுத்தார் என்பது சிந்தனைக்குரியது. அத்தொகுப்பு 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் நூலாயிற்று. அதே ஆண்டு ஆடி மாதத்திலேதான் இம்மக்கள் பெரும் வன்செயலையும் கண்டார்கள். மறு ஆண்டு வேலுப்பிள்ளை மறைந்தார். நாடற்றோர் என்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. அதைக் காண அவர் இருக்கவில்லை. ஆனால், அவர் சேர்த்துவைத்த பாடல்கள் இருந்தன.

நேயர்களே, என் வகுப்பறை அனுபவமொன்றைக் கூறி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டிலுள்ள முதியோரிடம் ஒரு பாடலைக் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களிடம் சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாயார் மத்திய கிழக்கிலே வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வகுப்பிலே அதிகம் பேசாத பிள்ளை. "சேர், எங்க அப்பாயிக்கு ஒண்ணும் தெரியாது. மலையில பாடுற பாட்டுதான் தெரியும்" என்றாள். சொல்லும்போதே அவள் முகத்திலே வெட்கம். அதையே எழுதி வா என்றேன்.

அடுத்த வாரம் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். "பாடிக்கிட்டே அப்பாயி அழுதாங்க சேர். பிறகு சிரிச்சாங்க. பக்கத்துக் காம்பராவில இருந்தவங்களும் வந்து உட்கார்ந்துட்டாங்க. இன்னும் இருக்காம், நாளைக்கும் வரச் சொன்னாங்க" என்றாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். வெட்கம் இப்பொழுது என் பக்கம் வந்தது. பத்துப் பாட்டும் எட்டுத் தொகையும் படிப்பித்த நான், இத்தனை காலமாக அந்த முதியவர் வாழ்ந்த லயத்தைக் கடந்துதானே பாடசாலைக்குப் போய்வந்திருக்கிறேன்!

பிறர்க்கு நன்மை செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டும், பதவி வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம். மீனாட்சி அம்மையாரிடம் குரல் இருந்தது. வேலுப்பிள்ளையிடம் பேனா இருந்தது. நம்மிடம் ஒரு மாலைப்பொழுதாவது இருக்கும். அதனை நம் வீட்டு முதியவர் ஒருவருக்குக் கொடுப்போம். அவர் பாடட்டும், நாம் கேட்போம். அவரது நெஞ்சும் ஆறும், நம்முடையதும் ஆறும்.