வழிகாட்டுக் குறி

வழிகாட்டுக் குறி என்பது பயணி தான் நிற்கும் இடத்தையோ, போகவேண்டிய திசையையோ, தொலைவையோ அறிய உதவும் அடையாளம். சாலையோரக் கல், கைகாட்டிப் பலகை, காணொளி விளையாட்டுத் திரையில் மினுங்கும் அம்புக்குறி ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழகத்தில் இதற்குக் கிடைத்துள்ள பழைய சான்றுகளுள் தருமபுரி மாவட்டத்தின் அதியமான் பெருவழிக் கற்கள் குறிப்பிடத்தக்கவை.

அதியமான் பெருவழிக் கற்கள்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் மரபினரின் தலைநகர். அந்த மரபின் பெயரால் வழங்கிய பெருவழியில் நடப்பட்ட காதக்கற்கள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டு கற்கள் கிடைத்துள்ளன. நாவற்தாவளம் என்னும் ஊருக்கு ஒன்று 29 காதம் என்றும், மற்றொன்று 27 காதம் என்றும் சொல்கின்றன. தாவளம் என்றால் வழிப்போக்கரும் வணிகரும் தங்கிச் செல்லும் இடம். காதம் ஏறத்தாழ 10 மைல் என்பது அகராதி தரும் கணக்கு. நடைமுறையில் அது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது.

கல்லில் வழியின் பெயர், ஊர், தொலைவு ஆகியவை எழுத்தில் உள்ளன. அவற்றோடு குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. எனவே 29 காதத்துக்கு இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பழந்தமிழ் எண்முறையில் இருபத்தொன்பதை ௨௰௯, அதாவது இரண்டு, பத்து, ஒன்பது என எழுதுவர். குழிகள் சொல்வதும் அதே கணக்குத்தான். எழுத்தறியாத மாட்டுவண்டிக்காரர் அவற்றை விரலால் தடவியே எண்ணிவிடலாம்.

சேலம் மாவட்டம் ஆறகழூரில் உள்ள மகதேசன் பெருவழிக் கல்லும் இத்தகையது. காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்பதை எழுத்தாலும் 16 குழிகளாலும் அது காட்டுகிறது.

காணொளி விளையாட்டில்

2002இல் வந்த 'மோரோவிண்ட்' விளையாட்டில் வழியைப் பாத்திரங்கள் வாய்மொழியாகச் சொல்லும். ஆடுபவர் அடையாளங்களைத் தேடி நடக்கவேண்டும். அதே வரிசையில் 2006இல் வந்த 'ஆப்லிவியன்' போகுமிடத்தைத் திசைகாட்டியிலேயே குறித்தது. 2008இன் 'ஃபேபிள் 2' தரையில் பொன்னிறத் தடம் போட்டது. அதே ஆண்டின் 'டெட் ஸ்பேஸ்' பொத்தானை அழுத்தினால் தரையில் ஒளிக்கோடு வரைந்தது. இன்று பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆடும் பிள்ளைகளின் கண், திரை மூலையிலுள்ள மினி மேப்புக்கு அடிக்கடி போய்வருகிறது.

இவை புதியவரைத் தவிக்கவிடுவதில்லை; நேரமும் மிச்சம். ஆனால் அம்பைப் பார்த்து நடப்பவர் ஊரைப் பார்ப்பதில்லை என்ற குறை தொடர்ந்து சொல்லப்படுகிறது. 2023இல் மறுவாக்கமாக வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' உடைக்கத்தக்க பெட்டிகளில் மஞ்சள் சாயம் பூசியிருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் அளவுக்கு உதவி தேவையா என்ற விவாதத்தை அது கிளப்பியது. மாற்றுவழி தேடியவர்களும் உண்டு. 2018இன் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி' குறியில்லாமல் தேடி ஆடும் முறையையும் சேர்த்துத் தந்தது. 2020இன் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் அம்புக்குப் பதில் காற்று வீசும் திசையே வழிகாட்டி. புல் சாயும் பக்கம் நடந்தால் போதும்.

மதிப்பீடு

காதக்கல் எவரையும் விலக்கவில்லை. படித்தவருக்கு எழுத்து, படிக்காதவருக்குக் குழி. அதேசமயம் அது சொன்னது வழியின் பெயர், ஊர், தொலைவு ஆகியவற்றை மட்டுமே. மேடு, பள்ளம், ஆற்றுத்துறை ஆகியவற்றைக் கேட்டும் கண்டும் தெரிந்துகொள்வது நடப்பவர் பொறுப்பாக இருந்தது. எல்லோருக்கும் புரியவேண்டும், ஆனால் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது என்ற இந்த அளவைத்தான் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதியமான் பெருவழிக் கல்லைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காணலாம்.