எண்ணெயும் ஈரமும்

தமிழில் 'எண்ணெய்' என்னும் சொல் தொடக்கத்தில் எள்ளிலிருந்து எடுத்த நெய்யை மட்டுமே குறித்தது. எள்ளும் நெய்யும் புணர்ந்தே எண்ணெயாயிற்று. பின்னர்த் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் எனப் பிறவற்றிற்கும் அது பொதுப்பெயராய் விரிந்தது. அரபு மொழியிலும் கதை இதுவே. 'ஜைத்' என்பது ஜைத்தூன் பழத்தைப் பிழிந்தெடுத்த எண்ணெய். மற்ற வித்துகளின் எண்ணெயைப் பழைய மருத்துவ ஏடுகள் 'துஹ்ன்' என்று வேறு பெயரிட்டு அழைத்தன. இன்றோ இயந்திரத்திற்கு ஊற்றும் எண்ணெய்க்கும் 'ஜைத்' என்பதே பெயர். இலத்தீன் மொழியிலும் எண்ணெய்க்கான சொல் ஒலிவத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. எந்த வித்து ஒரு மக்களின் விளக்கை ஏற்றி, உணவைத் தாளித்து, உடலைத் தேய்த்ததோ, அந்த வித்தே அவர்தம் மொழியில் எல்லா எண்ணெய்க்கும் தாயாகிவிட்டது.

உடலின் உட்சவ்வுகள் வறளும்போது, அதாவது மூக்கும் தொண்டையும் வாயும் கண்ணும் காய்ந்து எரியும்போது, தாவர எண்ணெய்களால் அவ்வறட்சியை ஆற்றுவது அரபு மருத்துவத்தின் பழைய முறைகளுள் ஒன்று. "அன்றே நம்மவர் கண்டனர், இன்றுதான் மேனாட்டார் விழித்தனர்" என்று மேடைகளில் முழங்குவதும், "பழைய ஏடுகளில் என்ன இருக்கிறது?" என்று ஒதுக்குவதும் நம்மிடையே காணப்படும் இரு போக்குகள். இவ்விரண்டினும் மெய் எத்துணை என்று ஆராய்வதே நம் நோக்கம்.

திருமறை ஜைத்தூனைப் பல இடங்களில் நினைவூட்டுகிறது. 'அத்தீன்' அத்தியாயம் அதன்மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறது. 'அந்நூர்' அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில் அதன் எண்ணெய் ஒளிக்கு உவமையாகிறது. ஜைத்தூன் எண்ணெயை உண்ணவும் உடலில் பூசிக் கொள்ளவும் அண்ணலார் (ஸல்) ஏவிய செய்தி திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. மூக்கின் வழியே மருந்திடுவதற்கு அரபியில் 'ஸஊத்' என்று பெயர். அண்ணலார் (ஸல்) அம்முறையைக் கையாண்டதை இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாகப் புகாரி பதிவு செய்திருக்கிறது. ஆயினும், நபித்துவம் மார்க்கத்தைக் கற்பிக்கவே வந்தது, மருத்துவத்தைக் கற்பிக்க வந்ததன்று என்று இப்னு கல்தூன் (1332–1406) தமது முகத்திமாவில் எழுதியதையும் மறத்தலாகாது. எண்ணெயின் மருத்துவ ஆய்வை முஸ்லிம்கள் மருத்துவர்களிடமே விட்டனர். அம்மருத்துவர்களோ சமயம் பாராது எல்லாரிடமிருந்தும் கற்றனர்.

முதலாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் இயற்றிய மருந்துப்பொருள் நூல் ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதில் அரபியாயிற்று. பெயர்த்தவர் இஸ்திபான் இப்னு பஸீல். திருத்தியவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். இருவரும் கிறித்தவர்கள். தாவரங்கள் பலவற்றிற்கு அரபுப் பெயர் தெரியாமையால் கிரேக்கப் பெயரையே அரபு எழுத்தில் விட்டுவைத்தார் இஸ்திபான். பின்வருவோருள் எவரேனும் அதனை அறிந்து நிரப்புவர் என்பது அவர் நம்பிக்கை. நூறாண்டுக்குள் அந்நம்பிக்கை நிறைவேறத் தொடங்கிற்று. ஹிஜ்ரி 337இல், அதாவது 948ஆம் ஆண்டளவில், பைசாந்தியப் பேரரசர் அந்நூலின் படங்கள் தீட்டிய கிரேக்கப் பிரதி ஒன்றைக் குர்துபாவின் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதைப் படிக்க அங்கே ஆளில்லை. கலீபா கேட்டுக்கொள்ள, 951இல் நிக்கோலஸ் என்னும் துறவி வந்து சேர்ந்தார். யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூதும் முஸ்லிம் மருத்துவர் பலரும் அவருடன் அமர்ந்து, ஒவ்வொரு செடியாக இனங்கண்டனர். இம்மரபின் கனியே மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னு பைத்தாரின் 'அல்ஜாமிஉ'. அதில் 1400க்கும் மேற்பட்ட மருந்துகளும் உணவுகளும் அகரவரிசையில் அடங்கியுள்ளன. முன்னோர் கூற்றைப் பெயர் சுட்டி எழுதி, தவறிருப்பின் இப்னு பைத்தார் அதையும் சொல்லிச் செல்வார்.

இனி, வறட்சியைப் பற்றி அவர்கள் எண்ணியதைக் காண்போம். வெப்பம், தட்பம், ஈரம், வறட்சி என்னும் நான்கு தன்மைகளின் கலவையே 'மிஸாஜ்' என்பர். ஒன்று மிகுந்தால் அதற்கு எதிரானதைக் கொண்டு சமன் செய்வதே சிகிச்சை. மூக்கு காய்ந்து, தூக்கம் கெட்டு, தொண்டை கரகரத்தால் அது 'யுபூஸத்', அதாவது வறட்சி. அதற்கு ஈரமூட்டும் பொருள் தேவை. அவ்வகையில் தலைசிறந்ததாகக் கருதப்பட்டது 'துஹ்னுல் பனப்ஸஜ்' என்னும் பனப்ஸஜ் பூவின் எண்ணெய். தோல் நீக்கிய எள்ளையோ வாதுமைப் பருப்பையோ ஓர் அடுக்கும், ஊதாநிறப் பனப்ஸஜ் மலர்களை ஓர் அடுக்குமாகப் பரப்புவர். பூ வாடியதும் அதனை நீக்கிப் புதுப்பூ இடுவர். பலமுறை இவ்வாறு செய்தபின் வித்தைப் பிழிந்தால், பூவின் மணமேறிய எண்ணெய் வடியும். அதனைத் துளியாக மூக்கிலிடுவர், உச்சியிலும் தேய்ப்பர். தொண்டைக் கரகரப்புக்கு இனிய வாதுமை எண்ணெயை நக்குமருந்தாகிய 'லஊக்'கில் சேர்ப்பர். நாவறட்சிக்கு ஸபர்ஜல் விதையை நீரிலிட்டு எடுத்த வழுவழுப்பான 'லுஆப்' உண்டு. இன்றும் யூனானி ஹகீம்கள் ரோகன் பனப்ஷா, ரோகன் பாதாம் ஷீரீன் என்று எழுதித் தருவன இவற்றின் தொடர்ச்சியே. நம் சித்த மருத்துவத்தின் நசியமும் இதற்கு உறவுமுறையானது.

அவர்தம் கோட்பாட்டில் ஒரு வினா எழும். எண்ணெயில் நீரில்லை. நீரில்லாப் பொருள் எவ்வாறு ஈரமூட்டும்? இதற்கு விடை இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று வேதியியல்; மற்றொன்று உடலியல்.

அரபு மருத்துவர்களின் பெட்டியில் 'தாகிலியூன்' என்றொரு களிம்பு இருந்தது. ஈயச் சுண்ணமாகிய முர்தாஸங்கை ஒலிவ எண்ணெயுடன் காய்ச்சிச் செய்வது அது. கிரேக்கரிடமிருந்து வந்து, அரபியர் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கும் மருந்துக்கடைகளில் நிலைத்தது. 1779இல் சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே இதே இரு பொருள்களைச் சேர்த்துக் காய்ச்சியபோது இனிப்பான ஒரு நீர்மம் பிரிவதைக் கண்டார். அதுவே கிளிசரின். எண்ணெயின் எஞ்சிய பகுதி யாது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் சவர்க்காரத்தை ஆராய்ந்து கண்டறிந்தார். காரத்தோடு எண்ணெயைக் காய்ச்சிச் சவர்க்காரம் செய்யும் தொழிலில் ஹலபும் நாபுலுஸும் புகழ்பெற்றவை. 'அல்கலி' என்னும் சொல்லே அரபியின் 'அல்கலீ'தான். அச்சவர்க்காரத்திலிருந்து ஷெவ்ரோல் பிரித்தெடுத்தவையே கொழுப்பு அமிலங்கள். அவர் நூல் 1823இல் வெளிவந்தது. ஒலிவ எண்ணெயில் மிகுந்திருப்பது ஒலியிக் அமிலம். நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலியிக் ஆகிய இரண்டும் ஏறத்தாழச் சமமாக உள்ளன.

இவற்றுள் லினோலியிக் அமிலம் உயிருக்கே இன்றியமையாதது என்பது 1929, 1930ஆம் ஆண்டுகளில் தெரிய வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தனர். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி குன்றிற்று. லினோலியிக் அமிலம் சேர்த்ததும் அவை தேறின. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத இவ்வமிலம் தோலின் நீர் வெளியேறாமல் தடுக்கும் அரணில் ஒரு பகுதியாகிறது.

கண்ணின் மேற்பரப்பிலும் இவ்விதியைக் காணலாம். இமையோரத்துச் சுரப்பிகளை 1666இல் ஜெர்மானிய மருத்துவர் மைபோம் விவரித்தார். அவை சுரக்கும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்து, நீர் விரைந்து ஆவியாகாமல் காக்கிறது. ஆக, எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரத்தைக் காவல் செய்கிறது. பழைய மருத்துவர் கண்ட பலன் மெய். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் மாறிற்று.

பலன் மெய் என்றோம். அதற்குச் சான்று வேண்டும். 2001இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் மூக்குவறட்சியுடைய 79 பேருக்கு, தூய நல்லெண்ணெயும் உப்புநீரும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. வறட்சியும் அடைப்பும் பொருக்கும் உப்புநீரைவிட நல்லெண்ணெயால் அதிகம் தணிந்தன. லடாக்கிலும் பின்லாந்திலும் வளரும் 'ஸீ பக்தார்ன்' என்னும் முட்புதரின் பழ எண்ணெயை உண்டவர்களுக்குக் கண்வறட்சி ஓரளவு குறைந்ததாக 2010இல் பின்லாந்து ஆய்வொன்று கூறிற்று. இவை நம்பிக்கை தருவன. ஆனால் அமெரிக்காவில் 535 கண்வறட்சி நோயாளிகளிடம் நடந்து, 2018இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு சாராருக்கு ஓராண்டு மீனெண்ணெய் அமிலம். மற்றவருக்கு ஒப்புநோக்க ஒலிவ எண்ணெய். இரு சாராரும் தேறினர்; இருவர்க்கும் வேறுபாடில்லை. ஒலிவம் குணப்படுத்தியது என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. எதையும் கொடுக்காமல் விட்ட மூன்றாம் சாரார் அவ்வாய்வில் இல்லை. மேலும், வறட்சி சில வேளைகளில் வேறொரு நோயின் அறிகுறி. கண்ணையும் வாயையும் ஒருங்கே வறளச் செய்யும் நோயொன்றைச் சுவீடன் மருத்துவர் ஷோக்ரென் 1933இல் விரிவாக எழுதினார். உடலின் காப்புப் படையே சுரப்பிகளைத் தாக்கும் அந்நோயை எண்ணெய் தீர்க்காது.

இப்பொழுது, இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். நம் ஊர்களில் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும்போது மூக்கிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மூக்கிலிட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கி உண்டாக்கும் நிமோனியாவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1925இலேயே வெளிவந்துவிட்டது. தூசியோ நீரோ புகுந்தால் உடல் இருமி வெளியேற்றும். வழுக்கிச் செல்லும் எண்ணெயோ இருமலைத் தூண்டாமலே உள்ளிறங்கும். திமிறி அழும் குழந்தைக்கு இவ்வாபத்து மிகுதி. தென்னிந்தியக் குழந்தைகளிடமும் இந்நோயை மருத்துவர்கள் கண்டு எழுதியுள்ளனர். சுவீடன் ஆய்வு கைக்குழந்தைகளைப் பற்றியதன்று.

"முன்னோர் செய்தது தவறாகுமா?" என்று கேட்போருக்கு நாம் மருத்துவ ஏட்டிலிருந்தன்று, பிக்ஹு நூலிலிருந்தே விடை கூறுவோம். ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (1233–1277) அவர்களின் மின்ஹாஜ் நோன்பைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தோலில் தேய்த்த எண்ணெய் மயிர்த்துளைகள் வழியே ஊறினாலும் நோன்பு முறியாது. திறந்த வாயில் ஒன்றின் வழியே உள்ளுறுப்பை அடையும் பொருளால் முறியும். மூக்கிலிடும் ஸஊத் முறிப்பனவற்றுள் ஒன்று. அதாவது, மூக்கு என்பது உள்ளே திறந்த கதவு என்பதை நம் சட்ட அறிஞர்கள் அறிந்திருந்தனர். அதில் இட்டது மூக்கோடு நிற்பதில்லை என்று சட்டம் வகுத்தனர். ரமலானில் பெரியவர்க்கு நாம் நினைவூட்டும் இவ்வுண்மையைத் தொட்டிற்பிள்ளையின் விஷயத்தில் மறப்பது முறையாகுமா?

மருத்துவ ஏட்டின் விடையும் இதற்கு மாறானதன்று. இப்னு ஸீனா (980–1037) தமது 'கானூன்' இரண்டாம் நூலில் மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகள் விதித்தார். மருந்தின் ஆற்றல் நோயின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். பலன் எப்போதும் அல்லது பெரும்பாலும் தொடர்ந்து காணப்பட வேண்டும். சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும், ஏனெனில் விலங்கில் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்பன அவற்றுட் சில. ராஸீ (865–925) தம் ஆசானாகப் போற்றிய ஜாலினூஸின் மீதே ஐயங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். இப்பெருமக்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வத்துள் எண்ணெய்ப் பக்குவமும் உண்டு. சோதித்துத் திருத்தும் துணிவும் உண்டு. முதலாவதை மட்டும் எடுத்து இரண்டாவதைக் கைவிடுவோர் அவர்தம் வாரிசுரிமையில் பாதியை இழக்கின்றனர்.

ஆகவே நாம் கூறும் முடிவு இது: நல்லெண்ணெயும் ஒலிவ எண்ணெயும் உணவில் இருக்கட்டும்; காய்ந்த உதட்டிலும் தோலிலும் தடவப்படட்டும். மூக்குவறட்சியுடைய பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டு, அதற்கெனத் தூய்மை செய்யப்பட்டதை அளவோடு கையாளட்டும். கண்ணில் வீட்டு எண்ணெயை விடுதல் வேண்டா. நாட்பட்ட வறட்சிக்குக் காரணம் தேடுதல் வேண்டும். குழந்தையின் மூக்கில் எந்த எண்ணெயும் ஒரு சொட்டும் கூடாது. இதனைத் தாய்மாருக்கும், அவர்களினும் மேலாகப் பாட்டிமாருக்கும் எடுத்துச் சொல்வது ஜும்ஆ மேடைக்கும் தகுந்த பணியே. பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் நமக்கு அதிகப்படுத்துவானாக.